உறைபனியில் ஊட்டிக்கு எந்த ஹெல்மெட்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். பொங்கல் லீவில் நண்பர்களோடு பைக்கில் ஊட்டி போகிறோம். குளிருக்கு எந்த ஹெல்மெட் வாங்கலாம்?

பதில்: முகம் முழுக்க மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டே வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் அவசியம். 2021 ஜூன் முதல் முத்திரை இல்லாததை விற்கவே கூடாது.

குளிரைவிடப் பெரிய தொல்லை, மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிவது. ஜனவரி விடியலில் ஊட்டி அருகே தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் விசர் மங்கினால் கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் தெரியாது. பனி நாடுகளில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்கள் நடுவே காற்று அடைபட்ட இரட்டை விசர் போடுவது இதற்காகத்தான். நம் ஊர்க் கடைகளில் பின்லாக் தகடு பொருத்த வசதியுள்ள விசர் கேளுங்கள். அதே வேலையைச் செய்யும். கறுப்பு விசர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உள்ளே போடும் முகமூடியைப் பற்றி உங்களுக்கே தெரியும்: பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துச் சில்லிட வைக்கும். மெல்லிய பாலியஸ்டர் நிட் நல்லது. அதை மாட்டிக்கொண்டு, புருவத்துக்குச் சற்று மேலே இன்ச் டேப் சுற்றி அளவெடுங்கள். ஹெல்மெட்டை அசைத்தால் கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தனியாகச் சுழன்றால் ஒரு சைஸ் குறையுங்கள்.

மலைப்பாதையில் பர்லியாறு தாண்டிக் குளிர் ஏறினாலும் மேல் வென்ட்டை அடைக்காதீர்கள். ஈரக்காற்று வெளியேற அது உதவும்.