கொரில்லா பார்க்கப் புறப்படுமுன்

மந்திர் மார்க் என்றதும் தில்லித் தமிழர்களுக்குத் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியும் பிர்லா மந்திரும் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்கா செல்பவர்களுக்கோ அதே சாலையில் இருக்கும் நகராட்சித் தடுப்பூசி நிலையமே முதல் படி. யுகாண்டாவின் ப்விண்டிக் காட்டில் மலைக் கொரில்லாவைக் காண விரும்பும் குடும்பங்கள் இங்கிருந்துதான் திட்டமிட வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். பின்னர் ஆயுள் முழுதும் போதும். சான்றிதழின்றித் திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். காரணம் உண்டு. அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மிடம் ஏராளம். கிருமி மட்டுமே இன்னும் வந்து சேரவில்லை. 60 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரைக் கேட்டே போட்டுக்கொள்ள வேண்டும்.

இது நம்மைக் காக்க. கொரில்லாவை நம்மிடமிருந்து யார் காப்பது? நமக்குச் சாதாரணச் சளி, அதற்கு எமனாகலாம். கோவிட் பரவிய 2020 மார்ச்சில் கொரில்லாச் சுற்றுலாவை நிறுத்திய யுகாண்டா, செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 7 மீட்டர் இடைவெளியை 10 மீட்டராக்கியது. அச்சம் வீணல்ல. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோவில் காப்பகக் கொரில்லாக்களுக்குக் கோவிட் தொற்றியது. அதே ஆண்டு ஜூனில் நம் வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் தொற்றுக்குப் பின் இறந்தது.

ஒரு குழுவில் 8 பேர், ஒரே மணி நேரம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. 2024 ஜூலை முதல் அனுமதிச் சீட்டு 800 டாலர். இவ்வளவு கொடுத்தபின் காய்ச்சல் வந்தால், மாத்திரை விழுங்கி மறைக்கத்தான் தோன்றும்! ஆகவே உடல்நலக் குறைவால் காட்டுக்குள் போக முடியாவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை முகவரிடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.