வெந்த இறால் ஏன் சிவக்கிறது?

கேள்வி: எங்கள் எண்ணூர் முகத்துவாரத்து இறால், சட்டியில் போட்டதும் சிவந்துவிடுகிறதே! கேரட் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, முகத்துவாரக்குப்பம்

பதில்: உண்டு, அம்மா. இறாலில் இருப்பது அஸ்டாசாந்தின்; கேரட், பப்பாளியில் இருப்பது பீட்டா கரோட்டின். இரண்டும் கரோட்டினாய்டு என்ற ஒரே குடும்பம். பாசியில் உருவாகும் இந்த நிறம், உணவு வழியாக இறாலுக்குச் சேர்கிறது. உயிரோடிருக்கையில் புரதம் அதைப் பிணைத்திருப்பதால் ஓடு சாம்பல் நீலமாகத் தெரியும். சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளிப்படும்.

ஆனால் இந்தச் சிவப்பு நம் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறாது. பீட்டா கரோட்டின் மாறும். கண்பார்வைக்கு வைட்டமின் ஏ மிக அவசியம். முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் ஏராளம். பச்சையம் மறைப்பதால் அதன் மஞ்சள் நிறம் தெரிவதில்லை. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குங்கள். இறால் குழம்பு வைக்கும் நாளிலும் பிள்ளைகள் தட்டில் கீரை இருக்கட்டும்.