மோதலும் உந்தமும்

இயங்கும் பொருளொன்று மற்றொன்றின்மேல் மோதுங்கால் ஒன்று நிற்றலும், மற்றொன்று ஓடுதலும், சில வேளை இரண்டும் ஒட்டிச் செல்லுதலும் காண்கின்றோம். இம்மாற்றங்களினிடையே மாறாது நிற்கும் அளவு ஒன்றுண்டு. அதனை உந்தம் என்பர் இயற்பியலார். செலுத்துதல் எனப் பொருள்படும் 'உந்து' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தாற் பெருக்கி வருந்தொகையைக் குறிக்கும். சிவகாசிப் பட்டாசினைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நிற்கும் கோலிக்குண்டின்மேல் அதனையொத்த குண்டொன்று நேரே மோதின், வந்தது ஏறக்குறைய நின்றுவிட, நின்றது ஓடும். உந்தம் கைமாறியதேயன்றிக் குறைந்திலது. இனி, விநாடிக்கு 3 மீட்டர் விரைவில் வரும் 2 கிலோ களிமண் உருண்டை, அசையாதிருக்கும் 1 கிலோ உருண்டையில் மோதி ஒட்டிக்கொள்ளுமாயின், முன்னிருந்த உந்தம் 6, பின்னும் 6. நிறை 3 கிலோவாகப் பெருகியமையின், விரைவு 2 மீட்டராகக் குறைந்தது. இதற்குக் காரணம் யாதெனின், மோதும் நேரத்தில் இரண்டும் ஒன்றையொன்று சமவிசையோடு எதிரெதிராகத் தள்ளுகின்றன. ஒன்று இழந்ததனையே மற்றொன்று பெறுகின்றது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்றாம் விதியின் பயன் இஃதேயாம்.

உந்தத்திற்குத் திசையும் உண்டென்பதை மறத்தலாகாது. பிரான்சு நாட்டு அறிஞர் தெக்கார்த்து 1644-இல் மோதல் விதிகளை வகுத்தபோது திசையைக் கணக்கிற் சேர்த்திலர். ஆதலின் அவற்றுட் பல பிழைபட்டன. பின்னர் ஐகன்சு முதலியோர் அதனைத் திருத்தினர். எதிரெதிரே சமவிரைவில் வரும் இரு சமநிறைப் பொருள்களின் மொத்த உந்தம் சுழியே.

வெடித்தல் என்பது ஒட்டும் மோதலைப் பின்னோக்கி நிகழ்த்தியதனோடு ஒக்கும். நேர்மேலே எழுந்த வாணம் உச்சியில் ஒரு கணம் நிற்குங்கால் அதன் உந்தம் சுழி. அப்போது வெடிப்பின், பொறிகள் எல்லாத் திசையினும் சமமாய்ப் பரவி வட்டமலராய் விரியும். அவற்றின் உந்தங்களைத் திசையோடு கூட்டின் மீண்டும் சுழியே வரும். மேலெழும்போதே வெடிப்பின் மலர் முழுதும் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே விரியும். ராக்கெட்டும் புகையைக் கீழே தள்ளியே தான் மேலெழுகின்றது.

இனி, நாம் முதன்மையாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. மேற்கூறிய களிமண் மோதலில் உந்தம் மாறவில்லை. ஆயின் இயக்க ஆற்றல் 9 சூலிலிருந்து 6 சூலாகக் குறைந்தது. எஞ்சிய 3 சூல் களிமண்ணின் உருமாற்றத்திலும் வெப்பத்திலும் சென்றது. எதிரெதிர் வந்து ஒட்டிநின்ற உருண்டைகளிலோ இயக்க ஆற்றல் முழுதும் அவ்வாறே மாறும். உந்தக் கணக்குச் சுழியாயினும் ஆபத்துச் சுழியாகாது. களிமண்ணில் இவ்வெப்பம் புலப்படாது மறையும். பட்டாசு மருந்திலோ, ஒரு சிறு புள்ளியில் அது திரண்டாலும் தீப்பற்றும். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை அடிக்கும் உராய்வுக்கும் மிக எளிதில் வெடிப்பது. இரும்போடு கல் மோதின் தெறிக்கும் துணுக்கே பொறியாகும். அதுபற்றியே மருந்தறைகளில் இரும்பை விலக்கி, மரத்தாலும் பித்தளையாலும் ஆன கருவிகளைக் கொள்வர். மருந்துப் பெட்டியை இழுக்காது தூக்கி, மெல்ல இறக்கவேண்டுமென்பர்.

சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் காரணத்தை ஆராய்தல் நம் நோக்கமன்று. ஒரு கணப்பொழுதில் எத்துணை ஆற்றல் வெளிப்படும் என்பதற்கு அது துயரமிக்க சான்று. இயற்கை விதி அறிந்தாரையும் அறியாரையும் ஒருபடித்தாகவே நடத்தும். அறிந்தாரே காத்துக்கொள்ளும் வழியுடையார். ஆதலின் மோதல் விதியினைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கொள்ளாது, மருந்தறையில் அமர்ந்து உழைப்பார்க்கும் விளங்கும் தமிழில் எடுத்துரைத்தல் கற்றார்க்குரிய கடமையென்று கருதுகின்றோம்.