எந்த சீட் என்று முதலில் சொல்லுங்கள்

சம்பா நடவு முடிந்த கையோடு டெல்டா வீடுகளில் பிளஸ் டூ பேச்சு சூடுபிடிக்கும். "நீட், ஜேஇஇ, க்யூட், எல்லாத்துக்கும் பணம் கட்டு, எதுலயாவது கிடைக்கும்." அப்படிக் கட்டிய பிள்ளைகள் மூன்றிலும் அரைகுறையாக நின்று, பொதுத்தேர்வு மதிப்பெண்ணையும் கோட்டைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். எங்கே, என்ன படிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எழுத வேண்டிய தேர்வு தானாகத் தெரியும்.

நம் பிள்ளைகள் ஆசைப்படும் சீட்டுகள் பலவற்றுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப், அவ்வளவுதான். ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரியிலும் மாநிலக் கலந்தாய்வு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இரண்டிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இதுதான் இலக்கு என்றால் கோச்சிங் பணத்தை மிச்சம் பிடித்து, பாடப்புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள்.

நுழைவுத்தேர்வு எழுதிச் சேர வேண்டிய நல்ல இடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் நிஃப்டெம், மழையில் நனையும் நெல்லைக் காப்பாற்ற வழி தேடி 1967-ல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வு மையம். இன்று தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். அங்கே பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் சேர ஜேஇஇ மெயின் வேண்டும். திருச்சி என்ஐடிக்கும் அதே தேர்வுதான்; அங்கே பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் இளநிலை, ஒருங்கிணைந்த படிப்புகளுக்கு க்யூட். இதில் ஒரு பொறி உண்டு: அந்தப் படிப்பு கேட்கும் பாடத்தை விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். தவறான பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தும் பயனில்லை. பல்கலைக்கழகத்தின் தகவல் ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

மருத்துவம்தான் என்றால் நீட். 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. படிக்கிற நேரத்தையும் அப்படியே பிரியுங்கள். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, விடாதீர்கள். ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதி என்பது விதி. 2018-ல் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைசியில் பிள்ளைகள் தலையில்தான் விடிந்தது. அதனால் அறிவியல் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகுங்கள்.

ஜேஇஇ கணினித் தேர்வு. எண் விடையைக்கூட விசைப்பலகையில் தட்ட முடியாது. திரையில் தெரியும் எண்களை மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். பள்ளிக் கணினி அறையில் பத்து மாதிரித் தேர்வாவது எழுதிவிட்டுப் போங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஜேஇஇயின் முதல் அமர்வு ஜனவரியில், சம்பா அறுவடை நடக்கும்போது வரும். கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்கு இரவுக் காவல் இருக்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அந்த இரண்டு வாரம் சித்தப்பாவோ மாமாவோ இருந்துகொள்ளட்டும்.