பட்டணத்தில் வாடகை வீடு

பட்டணம் செல்லும் பிள்ளைக்கு வீடு பிடிக்கக் கொடுக்கும் முன்பணம் பெரும்பாலும் அறுவடைப் பணமே. வாய்ச்சொல்லை நம்பி அதைக் கொடுத்துவிடலாகாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படிப் பதிவு செய்தாக வேண்டும். பதினொரு மாதப் பத்திரம் எழுதும் வழக்கம் அதனால் வந்ததே. ஆனால் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தபின், நகர்ப்புறங்களில் வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகையை மீறலாகாது. அந்த ‘வேறு உடன்பாடு’ பத்திரத்தில் எங்கேனும் ஒரு வரியாக ஒளிந்திருக்கலாம்; முழுதும் படித்தே கையொப்பமிடுக.

ஆதார் நகல், புகைப்படம், வேலைக் கடிதம் ஆகியவற்றை ஊரிலிருந்தே எடுத்துச் செல்வது நலம். வீட்டுக்காரர் பெயரில் சொத்துவரி ரசீது உண்டா எனக் கேட்பதில் கூச்சம் வேண்டா. முன்பணத்திற்கும் ரசீது பெறுக.