கல்நார் கற்பித்த பாடம்

கல்லும் நாரும் தம்முள் மாறுபட்ட இயல்புடையன. கல் திண்ணியது, வளையாதது. நார் மெல்லியது, முறுக்கினால் கயிறாவது, நெய்தால் துணியாவது. கல்லில் நார் உரித்தல் என்பது இயலாச் செயலுக்கு நம்மவர் கூறும் உவமை. ஆயினும், இயற்கை இவ்விரண்டன் தன்மையையும் ஒரே பொருளில் கூட்டி வைத்திருக்கின்றது. பாறைகளினிடையே நரம்புபோல் ஓடும் ஒருவகைக் கனிமத்தை அகழ்ந்தெடுத்துத் தட்டினால், அது பட்டுநூல் போன்ற இழைகளாகப் பிரிகின்றது. அதனையே தமிழில் கல்நார் என வழங்குகிறோம். ஆஸ்பெஸ்டாஸ் என்பது அதன் உலக வழக்கு. அச்சொல் கிரேக்க மொழியில் 'அணையாதது' என்னும் பொருளுடையது.

கல்நாரின் சிறப்பைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்ட்ரேபோ என்னும் நிலநூலறிஞர், கிரேக்க நாட்டுக் காரிஸ்டஸ் நகரில் கிடைக்கும் ஒரு கல்லைச் சீவி நெய்து துடைதுணிகள் செய்தனர் என்றும், அவை அழுக்குற்றால் நீரில் துவைப்பதற்கு மாறாக நெருப்பில் இட்டுத் தூய்மை செய்தனர் என்றும் எழுதி வைத்துள்ளார். ஏனைய துணியெல்லாம் எரியும் தீயில் இத்துணி மட்டும் வெளுத்து வெளிவருதல் அக்காலத்தார்க்குப் பெருவியப்பாய் இருந்தது.

அவ்வியப்பு பெருந்தொழிலாய் வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். நீராவியால் இயங்கும் பொறிகள் பெருகின. அவற்றின் கொதிகலன்களுக்கும் குழாய்களுக்கும், வெப்பம் வெளியேறாவண்ணம் உறை போர்த்த வேண்டியிருந்தது. எரியாததும், எளிதில் மட்காததும், விலை மலிந்ததுமாகிய கல்நார் அதற்கு ஏற்றதாயிற்று. தீயணைப்போர் உடை, நாடக அரங்கின் தடுப்புத் திரை, வண்டிகளின் தடைக்கட்டை, கப்பலின் அறைச் சுவர் எனப் பலவிடத்தும் அது புகுந்தது. சிமெண்டுடன் கலந்து வார்த்தபொழுது கூரைத் தகடாகவும் நீர்க்குழாயாகவும் உருப்பெற்றது. இத்துணை நன்மையுடைய பொருளின் தீமையை உலகம் காணாதிருந்ததோ எனின், இல்லை, கண்டது. கண்டும் காலம் தாழ்த்தியது. அதனால் விளைந்த துயரமே நாம் இங்கு அறிந்துகொள்ள வேண்டுவது.

கல்நாரைச் சிக்கறுத்துச் சீவி நூலாக நூற்கும்பொழுது மிக நுண்ணிய தூசி எழும். ஆலையின் அறை முழுதும் பனிமூட்டம்போல் அது நிறைந்து நிற்கும். 1898ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தொழிற்சாலைக் கண்காணிப்பாளருள் ஒருவராகிய லூசி டீன் என்னும் அம்மையார், இத்தூசி தொழிலாளர் உடல்நலத்தைக் கெடுக்கின்றது என அரசினர்க்கு அறிக்கை விடுத்தார். தூசியை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே ஆராய்ந்தபொழுது, அதன் துகள்கள் உடைந்த கண்ணாடிச் சில்லுபோல் கூரியனவாய் இருந்தமை தெரிந்தது. அறிக்கை அச்சேறியது, ஆனால், அதன்வழி ஒரு செயலும் நிகழவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டில், இலண்டன் மாநகரின் சாரிங் கிராஸ் மருத்துவமனைக்கு 33 வயதுடைய தொழிலாளி ஒருவர் மூச்சுத் திணறலுடன் வந்தார். அவர் கல்நார் ஆலையில் நார் சீவும் அறையில் பல்லாண்டுகள் உழைத்தவர். அவ்வறையில் தம்முடன் பணியாற்றிய பதின்மருள் தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக அவர் மருத்துவர் மரேயிடம் கூறினார். 1900இல் அவரும் இறந்தார். அவருடைய நுரையீரல் வடுப்பட்டு இறுகியிருந்ததையும், அதனுள் கல்நார்த் துகள்கள் கிடந்ததையும் மருத்துவர் கண்டார். தொழிலால் வரும் நோய்களுக்கு இழப்பீடு வழங்குவது பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் முன் 1906இல் இதனை எடுத்துரைத்தார். எனினும், இழப்பீட்டுக்குரிய நோய்களின் பட்டியலில் அந்நோய் இடம்பெறவில்லை. அதற்கு அன்று ஒரு பெயர்கூட இல்லை.

பெயர் இல்லாத நோயால் துன்புறுவோர்க்கு உதவியும் இல்லை என்பதனை நெல்லி கெர்ஷா என்னும் பெண்ணின் வாழ்க்கை காட்டும். லங்காஷயர் பகுதியில் உள்ள ராச்டேல் நகரத்தவர் இவர். நும்மினும் இளையராய், 12ஆம் வயதிலேயே ஆலை வேலைக்குச் சென்றார். கல்நாரை நூலாக நூற்கும் பணியில் ஈடுபட்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல இருமலும் இளைப்பும் அவரைப் பற்றின. 1922இல் அவர் வேலை செய்யும் வலிமை அறவே இழந்தார். கல்நார் நஞ்சால் நேர்ந்த நோய் என்று மருத்துவர் சான்று எழுதினார். ஆயினும், அப்படியொரு நோய் சட்டத்தில் இல்லை என்று ஆலையினர் இழப்பீடு மறுத்தனர். 1924 மார்ச்சு 14ஆம் நாள் தம் 33ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். அடக்கம் செய்தற்குரிய செலவையும் ஆலையினர் ஏற்கவில்லை. பெயர் பொறித்த கல்லும் இன்றி அவர் புதைக்கப்பட்டார்.

எனினும், அவர் சாவு வீண்போகவில்லை. மருத்துவர் குக் என்பார் அவருடைய நுரையீரலை ஆராய்ந்து, அதனுள் பதிந்திருந்தவை கல்நாரே என ஐயமற நிறுவி, அவ்வாண்டிலேயே மருத்துவ இதழில் வெளியிட்டார். 1927இல் அந்நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் எனப் பெயரும் இட்டார். இதன் பின்னர் அரசினர் விழித்தனர். மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் 363 தொழிலாளரை ஆராய்ந்து, அவருள் 95 பேர் நோயுற்றிருக்கக் கண்டு, 1930இல் அறிக்கை அளித்தனர். தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என 1931இல் விதிகள் பிறந்தன. உலகிலேயே கல்நார்த் தூசியை அடக்க எழுந்த முதன்மையான சட்டங்களுள் இஃது ஒன்று. ஆனால், இவ்விதிகள் கல்நார்ப் பொருள்களை ஆக்கும் ஆலைகளையே பெரிதும் நோக்கின. கப்பல் தளத்தில் குழாய்க்கு உறை போர்த்தியவரும், கட்டடத்தில் தகடு அறுத்தவரும் சட்டத்தின் நிழலுக்கு வெளியே நின்றனர்.

ஈண்டுக் கல்நார் உடலை எங்ஙனம் கெடுக்கின்றது என்பதனை அறிதல் வேண்டும். நாம் உள்ளிழுக்கும் தூசியிற் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. தப்பி உள்ளே செல்வனவற்றை நுரையீரலில் உள்ள காவல் அணுக்கள் விழுங்கி அழிக்கின்றன. கல்நார் இழையோ தலைமயிரினும் பன்மடங்கு நுண்ணியது. அதனால் நுரையீரலின் கடைக்கோடி வரை செல்கின்றது. ஆனால், தன் பருமனை நோக்க மிக நீண்டது. அதனால் காவல் அணுக்கள் அதனை முற்றும் விழுங்கமாட்டா. நெருப்புக்கு அசையாத அவ்விழை உடலுக்குள்ளும் எளிதில் கரைவதில்லை. மனிதன் அதனிடம் எந்த உறுதியை விரும்பினானோ, அவ்வுறுதியே அவனுக்குக் கூற்றாகின்றது. இழை தங்கிய இடம் ஆண்டுக்கணக்கில் புண்பட்டு வடுவாகின்றது. நெடுங்காலம் கழித்துச் சிலர்க்கு அவ்விடத்தே புற்றுநோய் தோன்றுகின்றது.

புற்றுநோய்த் தொடர்பு ஐயத்திற்கு இடமின்றி விளங்கியது 1955இலாம். ரிச்சர்டு டால் என்னும் அறிஞர், கல்நார்த் தூசியில் 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைத்த 113 ஆடவரின் வரலாற்றை ஆராய்ந்தார். பொதுமக்கள் கணக்கின்படி அவருள் நுரையீரற் புற்றுநோயால் ஒருவர் இறத்தலே மிகையாகும். இறந்தவரோ 11 பேர்.

1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னர் முதலிய மருத்துவர் மற்றொரு செய்தியை அறிவித்தனர். நுரையீரலைப் போர்த்திருக்கும் மெல்லிய படலத்தில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் மிக அரியது. அஃது உற்ற 33 பேரை அவர்கள் கண்டனர். ஏறக்குறைய அனைவரும் நீலநிறக் கல்நார்ச் சுரங்கங்களோடு தொடர்புடையவர். அவருள் சிலர் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாதவர், சிறுவயதில் அதன் அருகே வாழ்ந்தவர், அவ்வளவே. 1965இல் இலண்டனில் நடந்த ஆராய்ச்சியில், இந்நோயுற்றோருள் 9 பேர் கல்நார்த் தொழிலாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர் எனத் தெரிந்தது. கணவனின் வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவியரும் அவருள் அடங்குவர். உழைத்தவன் உடுப்பில் ஒட்டிவந்த தூசி, உழையாதவர் மூச்சிலும் கலந்தது.

இந்நோயின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கின்றது. தேள் கொட்டினால் அப்பொழுதே வலிக்கும். கொட்டியது தேள் என்றும் தெரியும். கல்நாரோ இன்று உள்ளே சென்று, 20, 30, 40 ஆண்டுகள் கழித்தே நோயாய் வெளிப்படுகின்றது. அதற்குள் தொழிலாளி வேறு வேலைக்குச் சென்றிருப்பான்; ஓய்வு பெற்றிருப்பான்; ஆலையே மூடப்பட்டிருக்கும். வினையும் விளைவும் இவ்வளவு விலகி நிற்பதால், பழியை ஏற்பார் எவரும் இலர். இழப்பை ஏற்பவன் தொழிலாளி ஒருவனே. புகை பிடிக்கும் வழக்கமும் உடன் சேருமாயின், நுரையீரற் புற்றுநோய் வருதற்குரிய வாய்ப்புப் பன்மடங்கு பெருகும்.

உலக நல அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், எல்லா வகைக் கல்நாரும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பனவே என முடிவு கட்டியுள்ளது. இங்கிலாந்து 1985இல் நீலக் கல்நாரையும் பழுப்புக் கல்நாரையும் விலக்கியது. எஞ்சிய வெள்ளைக் கல்நாரை 1999இல் விலக்கியது. லூசி டீன் அம்மையார் எழுதிய ஆண்டு 1898. முற்றும் விலக்கிய ஆண்டு 1999. இடையிலே சென்றவை 101 ஆண்டுகள். விலக்கிய பின்னும் பழைய வினை விட்டபாடில்லை. அந்நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் மீசோதீலியோமாவால் மடிகின்றனர். அவருட் பெரும்பாலோர் விலக்குவதற்குப் பல்லாண்டு முன்னர்த் தூசியை ஏற்றவர்.

இது கடல் கடந்த நாட்டின் கதை என நாம் வாளா இருத்தல் கூடாது. நம் நாடு வெள்ளைக் கல்நாரைப் பிற நாடுகளிலிருந்து பெருமளவில் தருவித்துக் கூரைத் தகடுகள் செய்கின்றது. நம் ஊர்களில் வீடுகள், கொட்டகைகள், கிடங்குகள் பலவற்றின் மேல் அத்தகடுகளைக் காண்கிறோம். 1995இல் இந்திய உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ உதவியும் அரசியலமைப்புச் சட்டம் காக்கும் உயிர்வாழ் உரிமையின் கூறுகளே என்று அத்தீர்ப்பு உரைத்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும், வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகள், அல்லது வேலையினின்று நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காத்து வைத்தல் வேண்டும் என்றும் ஆணையிட்டது. நோய் தாமதித்து வருவது; ஆகவே, சான்றும் அதுவரை அழியாதிருத்தல் வேண்டும். நெல்லி கெர்ஷா போன்றோர்க்குக் கிட்டாத நீதியை இவ்வாணை நாடுகின்றது.

ஆணை ஏட்டில் இருப்பது மட்டும் போதாது; அறிவு மக்களிடம் இருத்தல் வேண்டும். உடையாத தகட்டில் கல்நார் சிமெண்டுடன் இறுகிக் கிடக்கும். அது தலைக்குமேல் இருக்கின்றதென்று அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. அதனை அறுக்கும்பொழுதும், துளையிடும்பொழுதும், உடைக்கும்பொழுதும், நாட்பட்டு அது நைந்து உதிரும்பொழுதுமே தூசி எழுகின்றது. ஆதலின், பழந்தகட்டை அடித்து நொறுக்குதல் கூடாது. கழற்றுவதாயின் நீரால் நன்கு நனைத்து, முழுத் தகடாகவே இறக்குதல் வேண்டும். சிதறிய துண்டுகளை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்குதல் ஆகாது. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொள்வதால் அந்நுண்ணிழை தடைப்படாது. அதற்கென அமைந்த முகக் கவசமே வேண்டும். வேலை உடுப்பை வேலையிடத்திலேயே களைதல் வேண்டும். அதனோடு வீட்டிற்கு வந்து குழந்தையை அணைத்தல் கூடாது. இவ்வேலையைச் செய்வோர் நம் தந்தையராகவோ தமையன்மாராகவோ இருக்கலாம். படித்த பிள்ளைகள் இதனை அவர்க்குப் பணிவுடன் எடுத்துக் கூறுதல் கடமையாகும்.

மலிந்த விலையில் ஒரு பொருள் நம் கைக்கு வரும்பொழுது, எஞ்சிய விலையை எவர் கொடுத்தார் என்று வினவுதல் நன்று. கல்நாரின் முழு விலையைக் கடையில் எவரும் கொடுக்கவில்லை. நூற்றவளும், அறுத்தவனும், அவன் உடுப்பைத் துவைத்தவளும் தம் மூச்சால் கொடுத்தனர். அறிந்த தீமையை அறிந்த அன்றே விலக்கியிருப்பின், அவருட் பலர் முதுமை எய்திப் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பர்.