செயற்கைக் கால் எப்படி நடக்கிறது?



எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். கடல் தொழில் செய்தவர். சர்க்கரைப் புண் வந்து, முழங்காலுக்கு மேலே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் கொடுத்தும் அதைப் பரண்மேல் போட்டுவிட்டார். ஏன் தாத்தா என்று கேட்டேன். "அது என்னைக் கீழ தள்ளிவுடுது பாப்பா" என்றார். ஒரு கால் எப்படி ஆளைத் தள்ளும்? அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்து பாருங்கள்: நேராக நின்று, தொடையைத் தளர்வாக விட்டு, முழங்கால் சில்லை விரலால் தள்ளுங்கள். லேசாக ஆடும். இப்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள். சில்லு ஆடாது. தொடைச் சதை கல் மாதிரி ஆகிவிடும். காரணம் என்ன? நேராக நிற்கும்போது நம் எடை முழங்காலுக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. மூட்டு தானாகவே நிற்கிறது. மடக்கினால் எடை மூட்டுக்குப் பின்னால் போய்விடும். அப்போது சதைதான் தாங்க வேண்டும். செயற்கைக் காலில் சதை ஏது?

முழங்கால்: இதற்கு இரண்டு வேலை. ஊன்றும்போது மடங்கவே கூடாது. தூக்கி வைக்கும்போது மடங்கியே ஆக வேண்டும். கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சு உள்ள மூட்டும் உண்டு. நான்கு பட்டைகளைச் சேர்த்துச் செய்த மூட்டு அதைவிட நல்லது. நிற்கும்போது அதன் சுழலும் இடம் எடைக்குப் பின்னால் போய்விடும், மடங்காது. மடங்கும்போது கால் கொஞ்சம் குட்டையாகும், விரல் தரையில் இடிக்காது. சென்னை ஐ.ஐ.டி. 2022-ல் இப்படி ஒரு மூட்டை வெளியிட்டது. பெயர் 'கதம்'. இந்தியில் கதம் என்றால் காலடி. அது 160 டிகிரி வரை மடங்கும். பஸ்ஸில், ஆட்டோவில் இடுக்கிலும் உட்காரலாம்.

பாதம்: முதலில் குதிகால் அமுங்கி அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். பிறகு பாதம் உருண்டு முன்பக்கம் போக வேண்டும். வெளிநாட்டுப் பாதம் ஷூவுக்காகச் செய்தது. நம் ஆட்கள் வெறுங்காலில் நடப்பார்கள், குந்துவார்கள், சம்மணம் போடுவார்கள். அதற்காக 1968-ல் ஜெய்ப்பூரில் கைவினைக் கலைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் சேர்ந்து 'ஜெய்ப்பூர் கால்' செய்தார்கள். உள்ளே பஞ்சு போன்ற ரப்பரும் மரக்கட்டையும், வெளியே தோல் நிறத்தில் ரப்பர். நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் போட்டுக்கொண்டு 1984-ல் மறுபடியும் மேடை ஏறினார்!

கிண்ணம்: இதுதான் முக்கியம். மிச்சம் இருக்கும் தொடை ஒரு கிண்ணத்துக்குள் உட்காரும். குதிகால் தரையைத் தொட்டதும் தொடையைப் பின்பக்கம் அழுத்தினால்தான் முழங்கால் நேராக நிற்கும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு, நாளாக ஆக வீக்கம் வற்றித் தொடை இளைத்துவிடும். கிண்ணம் லூசாகும். தொடை அழுத்துகிற அழுத்தம் காலுக்குப் போய்ச் சேராது. மூட்டு சட்டென்று மடங்கும். ஆள் விழுவார்.

தாத்தாவிடம் ஓடிப் போய், "லூசா இருக்கா?" என்று கேட்டேன். "உள்ள கை விடலாம் போ" என்றார்! அவர் மகன் காலைக் கொடுத்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். அளவு எடுத்துப் புதுக் கிண்ணம் போட்டார்கள். இப்போது கம்பு ஊன்றி டீக்கடை வரை போகிறார். மணலில் மட்டும் பாதம் புதைகிறது. அதனால் கரைக்குப் போனால் பேரன் தோளைப் பிடித்துக்கொள்கிறார். உப்புத் தண்ணீர் பட்டால் நட்டு, போல்ட்டு துருப்பிடிக்கும், மணல் மூட்டுக்குள் போகும். அதனால் வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காயவைக்கிறார்.

நண்பர்களே! கால் இல்லாதவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ பக்கத்து வீட்டுப் பரணிலோ ஒரு கால் கிடந்தால், "சோம்பேறித்தனம்" என்று சொல்லாதீர்கள். லூசா, வலிக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்த இடத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ விசாரிக்கச் சொல்லுங்கள். தாத்தாவின் கால் கெட்டுப்போகவில்லை. அளவுதான் மாறியிருந்தது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி